குறட்டை மெஷின் மாட்டியதிலிருந்து இடது காது அடைக்கிறது, தலை சுற்றுகிறது. நிறுத்திவிடலாமா?

மெய்ப்புக்காரி, மதுரை
ஜனவரி 28, இரவு 9:10

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 51 வயது. ஓர் அச்சகத்தில் 22 வருடமாக மெய்ப்புப் பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சுருக்கமாகச் சொல்கிறேன் என்று மூன்று டாக்டர்களிடமும் பாதி விஷயத்தை விழுங்கிவிட்டேன்.

போன ஆகஸ்ட் மாதம் ஒரு மதிய நேரம். பத்தாம் வகுப்புக் கையேடு ஒன்றின் இரண்டாம் மெய்ப்பு கையில் இருந்தது. முதலில் இடது காதுக்குள் ஒரு கனம். அப்புறம் அருவிக்குப் பக்கத்தில் நிற்பது போல ஓர் இரைச்சல். சாப்பிடாமல் உட்கார்ந்ததுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன். ஐந்து நிமிடத்தில் தாளில் இருந்த வரிகள் ஒரு பக்கமாக ஓட ஆரம்பித்தன. ஒரு வரியைக் கண்ணால் பிடித்து நிறுத்தினால் அது நழுவும், கண் வெடுக்கென்று திரும்பி வரும், மறுபடி நழுவும். பேனாவைப் போட்டுவிட்டு மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். குப்பைக் கூடையில்தான் வாந்தி எடுத்தேன். முழுக்க நிதானத்துக்கு வர மூன்று மணி நேரம் ஆனது. நடுவில் நினைவு தப்பவே இல்லை. அதுதான் கொடுமை.

இ.என்.டி. டாக்டர் கண்ணாடி அறையில் உட்கார வைத்து ஆடியோகிராம் எடுத்தார். இடது காதில் கட்டை ஒலிகள் மட்டும் குறைவாகக் கேட்கின்றன. மெனியர் நோய், உள்காதுக் கோளாறு என்றார். (ஒரு சீட்டில் மெனியர், இன்னொன்றில் மினியர், மூன்றாவதில் மேனியர். என் தொழில் புத்தி, சிவப்பு மையால் திருத்தக் கை பரபரத்தது.) பீட்டாஹிஸ்டின் 16 மில்லிகிராம் மூன்று வேளை, உப்பைக் குறைக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் வீட்டை விட்டுப் போயின. அப்படியும் டிசம்பருக்குள் இன்னும் மூன்று முறை வந்துவிட்டது. ஆக மொத்தம் நாலு.

டிசம்பரில் அதே டாக்டர், “குறட்டை விடுவீர்களா?” என்று கேட்டார். 51 வயதுப் பெண்ணிடம் யாரும் கேட்காத கேள்வி. இல்லை என்றேன். பக்கத்தில் இருந்த மகள் செல்போனை எடுத்து, பதிவு செய்து வைத்திருந்ததைப் போட்டுக் காட்டினாள். ரம்பம் இழுப்பது போலக் கொஞ்ச நேரம், அப்புறம் சத்தமே இல்லை, அப்புறம் மூழ்கி எழுந்தவள் போல ஒரு மூச்சு. அந்த ‘சத்தமே இல்லை’யைக் கேட்கும்போதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

தூக்கப் பரிசோதனை செய்தோம். ஏ.எச்.ஐ. 34, அதாவது தூக்கத்தில் மணிக்கு 34 தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் 78 சதவீதம் வரை இறங்கியிருக்கிறது. கடுமையான மூச்சுத் தடை என்று எழுதிக் கொடுத்து, மூச்சுப் பாதை மூடாமல் இருக்கக் காற்றை ஊதும் சிபேப் மெஷின் வாங்கச் சொன்னார்கள். தானாக அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வகை, 5 முதல் 15 வரை வைத்திருக்கிறார்கள். மூக்கை மட்டும் மூடும் மாஸ்க்.

இனித்தான் என் பிரச்சினை. முதல் வாரம் நன்றாகத்தான் போனது. காலையில் தலைவலி இல்லை, மதியம் மேசையில் தூங்கி விழவில்லை. எட்டாம் நாளிலிருந்து எழுந்திருக்கும்போதே இடது காது பஞ்சு வைத்தது போல இருக்கிறது. எச்சில் விழுங்கினால் ‘டப்’ என்று ஒரு சத்தம், கொஞ்சம் திறக்கும், மறுபடி மூடிக்கொள்ளும். மூக்கு உள்ளே எரிகிறது. பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணிக்குப் பழையபடி அருவி இரைச்சல், இரண்டு மணி நேரத் தலைசுற்றல்.

இ.என்.டி. டாக்டர், மெஷின் போட்டால் உள்காதுக்கும் நல்லது என்கிறார். தூக்க டாக்டர், இதற்கும் காதுக்கும் சம்பந்தமில்லை என்கிறார். மெஷின் விற்றவர் போனில், “போகப் போகப் பழகிடும் மேடம்” என்கிறார். நான் நாலு நாளாக மெஷினைத் தொடவில்லை. காது கொஞ்சம் தேவலை. ஆனால் மதியத் தூக்கமும் தலைவலியும் திரும்பிவிட்டன.

இரண்டும் சேர்ந்து இருப்பவர்கள் யாராவது இங்கே உண்டா? காதைக் கெடுப்பது மெஷின்தானா?

*

பூட்டு ஊர்க்காரன்
ஜனவரி 28, இரவு 10:35

அக்கா, நான் இருக்கேன். திண்டுக்கல். வயது 60. பஸ் டிரைவராக இருந்து போன வருடம்தான் ஓய்வு. வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் மலையில் பதினோரு வருடம் ஓட்டியவன், காது அடைப்பைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்!

எனக்கு வலது காது. மெஷினும் மூன்று வருடமாக இருக்கிறது. முதல் நாள் மாஸ்க்கோடு என்னைப் பார்த்த பேரன், “தாத்தா யானை ஆயிட்டார்” என்று ஊரைக் கூட்டிவிட்டான்.

நீங்கள் சொன்ன ‘டப்’ எனக்கும் இருந்தது. எனக்கு அழுத்தம் அதிகம், 13 வரை ஏறிக்கொண்டிருந்தது. மாஸ்க் ஒரு பக்கம் ஒழுகினால் மெஷின் ஈடுகட்ட இன்னும் வேகமாக ஊதும். பட்டையை இறுக்கினேன், மூக்கின் மேல் புண் வந்ததுதான் மிச்சம். ஒரு அளவு சின்ன மாஸ்க் மாற்றியதும் ஒழுகல் நின்றது. மூச்சு விடும்போது மட்டும் அழுத்தத்தைக் குறைக்கிற ஒரு வசதி மெஷினிலேயே உண்டு, அதை டாக்டர் போட்டுவிட்டார். அடைப்பு ஒரு மாதத்தில் போய்விட்டது.

தலைசுற்றலைக் கேட்டால், முன்னே மாதம் ஒன்று வரும், இப்போது வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ. மெஷினால்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். அதே சமயத்தில் பீடியை விட்டேன், ராத்திரி டியூட்டி நின்றது, வீட்டுக்காரி உப்பு டப்பாவை ஒளித்து வைத்தாள். எதற்கு மாலை போடுவது?

ஒன்று மட்டும் சொல்வேன். நாலு நாள் நிறுத்தினீர்களே, அதை டாக்டரிடம் சொல்லிவிட்டீர்களா? 78க்கு இறங்குகிற ஆக்சிஜனை வைத்துக்கொண்டு விளையாடாதீர்கள். ஸ்கூட்டர் ஓட்டுகிறவராக இருந்தால் இப்போதைக்குச் சாவியை மகளிடம் கொடுத்துவிடுங்கள்.

*

இயற்கை வழி
ஜனவரி 29, காலை 6:02

மெஷின் எல்லாம் வியாபாரம் அம்மா. பத்து கிலோ எடையைக் குறைத்து, பிராணாயாமம் செய்தால் குறட்டை போய்விடும். காதுக்கு நல்லெண்ணெய் இரண்டு சொட்டு காய்ச்சி விடுங்கள்.

*

கேட்பொலி, திருச்சி
ஜனவரி 29, காலை 8:20

நான் ஆடியோலஜிஸ்ட். பதினாலு வருடமாகக் காது பரிசோதனைதான் வேலை. முதலில் மேலே உள்ளவருக்கு: எடை குறைத்தால் மூச்சுத் தடை குறையும், உண்மை. ஆனால் அதற்கு மாதக்கணக்காகும், அதுவரை இரவுகள் இருக்கின்றனவே. எண்ணெய் செவிப்பறையோடு நின்றுவிடும். இந்த அம்மாவின் பிரச்சினை அதற்கு அந்தப் பக்கம் இருக்கிறது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் ஊற்றுவது ஆபத்தும்கூட.

இப்போது உங்களுக்கு, அக்கா. நீங்கள் ஒரே கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் அதில் இரண்டு காதுகள் இருக்கின்றன. இடது, வலது என்று சொல்லவில்லை. நடுக்காது, உள்காது.

காலையில் பஞ்சு வைத்தது போல இருப்பதும் ‘டப்’ சத்தமும் நடுக்காது விவகாரம். மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. சாதாரணமாக மூடியே இருக்கும், விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் ஒரு நொடி திறக்கும். மெஷின் மூக்கில் ஊதிக்கொண்டிருக்கும்போது அது திறந்தால் அந்த அழுத்தம் நடுக்காதுக்கும் போகும். எவ்வளவு அழுத்தம்? உங்கள் மெஷினில் 10 என்று காட்டினால் அது 10 சென்டிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம். ஒரு டம்ளர் உயரம், அவ்வளவுதான். திண்டுக்கல் அண்ணன் பஸ்ஸில் கணக்குப் பார்த்தால், மலையில் சுமார் 80 மீட்டர் கீழே இறங்கினால் வருகிற மாற்றம். கொடைக்கானல் இருப்பது 2,100 மீட்டருக்கு மேலே. அதனால் காதைக் கிழிக்கிற அழுத்தமெல்லாம் இல்லை. ஆனால் பஸ்ஸில் விழித்திருக்கிறோம், விழுங்கிக்கொண்டே வருகிறோம். தூக்கத்தில் விழுங்குவது ரொம்பக் குறைவு.

இன்னொரு வழியும் உண்டு, நேர் எதிரானது. காய்ந்த காற்று இரவெல்லாம் மூக்கில் அடித்தால் உள்சதை வீங்கும். அந்தக் குழாயின் வாய் அடைபடும். அப்போது நடுக்காதில் அழுத்தம் கூடாது, குறையும். நோயாளிக்கு இரண்டுமே ‘அடைப்பு’ என்றுதான் தெரியும். வைத்தியம் வேறு வேறு. நீங்கள் மூக்கு எரிகிறது என்று எழுதியதால் எனக்கு இரண்டாவதன் மேல்தான் சந்தேகம்.

கண்டுபிடிப்பது எளிது. மெஷின் போட்டுத் தூங்கிய மறுநாள் காலை, சீக்கிரமே போய் டிம்பனோகிராம் எடுங்கள். காதில் ரப்பர் முனை ஒன்றை வைத்து அழுத்தத்தை ஏற்றி இறக்குவார்கள், ஒரு காதுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. மலை போல ஒரு கோடு வரும். அதன் உச்சி பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பிளஸ் பக்கம் நன்றாகத் தள்ளியிருந்தால் மெஷின் அழுத்தம் உள்ளே போயிருக்கிறது, டாக்டரிடம் மேல் அளவைக் குறைக்க முடியுமா என்று கேட்கலாம். மைனஸில் 100ஐத் தாண்டியிருந்தால் மூக்கைக் கவனிக்க வேண்டும்.

ஒரு கேள்வி: மெஷினோடு காற்றை ஈரமாக்கத் தண்ணீர்த் தொட்டி ஒன்று வந்திருக்குமே, அதில் தண்ணீர் ஊற்றுகிறீர்களா?

அடுத்தது உள்காது, அதாவது தலைசுற்றல். 1861இல் பாரிஸில் புரோஸ்பெர் மெனியர் என்ற டாக்டர், இப்படிச் சுற்றுவது மூளையிலிருந்து மட்டும் வருவதில்லை, உள்காதிலிருந்தும் வரும் என்று சொன்னார். அதுவரை இதை மூளையில் ரத்தம் கட்டுவதாக நினைத்து அட்டையைக்கூட விட்டிருக்கிறார்கள். உங்கள் சீட்டில் இருப்பது அவர் பெயர்தான். உள்காதுக்குள் இருக்கும் திரவப் பை வீங்குவதுதான் இந்த நோயின் அடையாளம். ஏன் வீங்குகிறது என்பதற்கு இன்றுவரை ஒரே பதில் கிடையாது.

மூச்சுத் தடைக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று நினைக்கக் காரணம், உள்காதுக்கு ரத்தம் போகும் வழி. அதற்கு என்று ஒரே ஒரு மெல்லிய தமனி. அது சுருங்கினால் பக்கத்துத் தெருவிலிருந்து உதவி வராது. அந்தத் திரவத்தைச் சுரக்கும் பகுதியோ உடம்பிலேயே அதிக ஆக்சிஜன் கேட்கும் இடங்களில் ஒன்று. மணிக்கு 34 தடவை ஆக்சிஜன் இறங்கி ஏறினால் அங்கே என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதோடு, தூக்கம் கெட்டால் மெனியர் எகிறுவதை நாங்கள் நோயாளிகளிடம் தினமும் கேட்கிறோம்.

உங்கள் இ.என்.டி. டாக்டர் சொன்னதற்கும் ஆதாரம் உண்டு. 2015இல் ஜப்பானில் ஓர் ஆய்வு வந்தது. மெனியரும் மூச்சுத் தடையும் சேர்ந்து இருந்த 20 பேருக்கு சிபேப் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். தலைசுற்றல் தொல்லையும் குறைந்தது, கேட்கும் திறனும் கொஞ்சம் மேலே வந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 20 பேர்தான், மெஷின் போடாத குழு ஒன்று எதிரே இல்லை. அது ஏன் முக்கியம் என்றால், 2016இல் ஜெர்மனியில் 221 பேரிடம், நீங்கள் சாப்பிடும் அதே பீட்டாஹிஸ்டினைச் சோதித்தார்கள். ஒன்பது மாதம். சாதாரண அளவு, பெரிய அளவு, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை என்று மூன்று குழு. மூன்றிலுமே தலைசுற்றல் ஒரே மாதிரி குறைந்தது! மெனியர் தானாகவே கூடும், தானாகவே அடங்கும். அடங்கும் நேரத்தில் எதைச் சாப்பிட்டாலும் அதற்குத்தான் பெயர் கிடைக்கும். (மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் பேசுங்கள்.)

அதே நியாயம் மறுபக்கத்துக்கும். பன்னிரண்டாம் நாள் வந்த சுற்றலை மெஷின் மேல் போடாதீர்கள். ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை மெஷின் இல்லாமலே நாலு முறை வந்திருக்கிறது. ஜனவரியில் ஒன்று வருவது கணக்குக்குள்தான்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். மெனியருக்கென்றே ஒரு அழுத்த மெஷின் விற்றார்கள். செவிப்பறையில் சின்னக் குழாய் பதித்து, அதன் வழியாகக் காற்றை விட்டுவிட்டு அழுத்துவது. காற்றழுத்தம் உள்காதை அமைதிப்படுத்தும் என்று நம்பிச் செய்தது. பிறகு வந்த சோதனைகளில் பெரிய பலன் தெரியவில்லை. கெடுதலும் பெரிதாக இல்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. தலைசுற்றலுக்கு அசதி தருகிற மாத்திரை எதையாவது இரவில் சாப்பிடுகிறீர்களா? குளோனசிபாம் போன்றவை தொண்டைத் தசையைத் தளர்த்தும். மூச்சுத் தடை இருப்பது தெரியாமல் யாராவது எழுதியிருந்தால், இப்போது தெரியும் என்று அவரிடம் சொல்ல வேண்டும். அப்புறம், திடீரென்று ஒரு காது கேட்காமலே போனால் அடைப்பு என்று உட்கார்ந்திருக்காமல் அன்றே டாக்டரிடம் போங்கள், அதற்கு ஸ்டீராய்டு தர வேண்டிய நாட்கள் குறைவு. சுற்றலோடு வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கை கால் விழுந்தாலோ காதை மறந்துவிட்டு நேரே அவசரப் பிரிவு.

*

தஞ்சை மருமகள்
ஜனவரி 29, மதியம் 2:15

எங்கள் மாமாவுக்கும் (மாமனார், 68) மெஷின் போட்ட பிறகுதான் தலைசுற்றல் வந்தது. மெஷினைத் திருப்பிக் கொடுக்கும் வரைக்கும் போய்விட்டோம். கடைசியில் பார்த்தால் வேறு விஷயம். மாஸ்க் குழாய்க்காக அவர் படுக்கும் பக்கத்தை மாற்றியிருந்தார். வலது பக்கம் திரும்பினால் மட்டும் சுற்றும், அரை நிமிடத்தில் நின்றுவிடும், காது நன்றாகவே கேட்கும். உள்காதில் சுண்ணாம்புத் துகள் இடம் மாறியிருக்கிறது என்று சொல்லி, டாக்டர் அவரைக் கட்டிலில் சாய்த்து, தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பத்து நிமிடத்தில் சரி செய்தார். மாத்திரைகூட இல்லை. அக்காவுக்கு இரண்டு மணி நேரம் நீடிப்பதால் இது இல்லை என்று நினைக்கிறேன், ஆனாலும் படுக்கையில் திரும்பும்போது சுற்றுகிறதா என்று கவனித்துப் பாருங்கள்.

*

மெய்ப்புக்காரி, மதுரை
ஜனவரி 29, இரவு 8:50

தண்ணீர்த் தொட்டி!

இப்போதுதான் போய்ப் பார்த்தேன். மெஷினோடு வந்த பெட்டிக்குள், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அப்படியே இருக்கிறது. அது ஏதோ உதிரி பாகம் என்று அலமாரியில் எடுத்து வைத்தவள் நான்தான். பதினைந்து நிமிடத்தில் எல்லாம் சொல்லிவிட்டுப் போனவர் அதைச் சொல்லவில்லை. விளக்கப் புத்தகத்தை நானும் படிக்கவில்லை. அடுத்தவர் புத்தகத்தில் ஒற்றுப் பிழை தேடுகிறவள்.

படுக்கையில் திரும்பினால் சுற்றல் இல்லை. அசதி மாத்திரை இரண்டாவது தடவைக்குப் பிறகு எழுதிக் கொடுத்தார்கள், தேவைப்பட்டால் போடச் சொல்லி. பன்னிரண்டாம் நாளுக்கு முந்தைய இரவு போட்டிருக்கிறேன். சீட்டை எடுத்து வைத்துவிட்டேன், கேட்கிறேன். இன்றிரவு மெஷின் போடுகிறேன்.

*

மெய்ப்புக்காரி, மதுரை
மார்ச் 9, மாலை 6:40

யாருக்காவது பயன்படலாம் என்று மிச்சத்தையும் எழுதி வைக்கிறேன்.

டிம்பனோகிராம் எடுத்தேன். வலது மைனஸ் 20. இடது மைனஸ் 170. கேட்பொலி தங்கை சொன்னது போலவே மெஷின் காற்று காதுக்குள் போய் உட்காரவில்லை, மூக்குதான் காதைப் பூட்டியிருக்கிறது. மூக்குக்கு ஒரு ஸ்பிரே கொடுத்தார்கள். அதையும் தப்பாக அடித்துக்கொண்டிருந்தேன், நேரே நடுச்சுவரைப் பார்த்து. வலது கையால் இடது மூக்குக்கு, இடது கையால் வலது மூக்குக்கு, முனை காதின் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும் என்று நர்ஸ் காட்டிக் கொடுத்தார். தொட்டியில் தினமும் இரவு காய்ச்சி வடித்த தண்ணீர், காலையில் மிச்சத்தைக் கொட்டிக் கழுவிக் கவிழ்த்துவிடுகிறேன். அசதி மாத்திரையை டாக்டரே நிறுத்திவிட்டார். மெஷின் தகவலைப் பார்த்த தூக்க டாக்டர், அழுத்தம் 10ஐத் தாண்டத் தேவையே படவில்லை என்று மேல் அளவை 11ஆகக் குறைத்தார். இப்போது ஏ.எச்.ஐ. 3 சொச்சம்.

பத்து நாளில் ‘டப்’ நின்றது. பஞ்சு இன்னும் கொஞ்ச நாள் இருந்து, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் போய்விட்டது. எந்த நாள் என்று என் நோட்டில்கூட இல்லை.

ஆமாம், நோட்டு போட்டிருக்கிறேன். பழைய மெய்ப்புத் தாளின் பின்பக்கம்தான். தேதி, எத்தனை மணி நேரம் மெஷின், காது, இரைச்சல், சுற்றல், என்ன சாப்பிட்டேன் என்று ஆறு கட்டம். ஐந்தரை வாரத்தில் சுற்றல் ஒரே முறை, பிப்ரவரி 19, நாற்பது நிமிடம். முந்தைய நாள் கல்யாண வீட்டில் மூன்று அப்பளம். மெஷினும் அன்றைக்கு இரண்டு மணி நேரம்தான். இரண்டில் எதைத் திட்டுவது என்று தெரியாமல் இரண்டுக்கும் எதிரே கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.

ஆடியோகிராமில் 250 ஹெர்ட்ஸ் கட்டை ஒலியில் 50 டெசிபெல் இருந்தது இப்போது 40 (எண் குறைந்தால் நல்லது). மகள் குதித்தாள். தங்கை சொன்ன ஜெர்மன் கணக்கு ஞாபகம் வந்து நான் குதிக்கவில்லை. இரைச்சல் போகவில்லை, அருவி வாய்க்காலாகியிருக்கிறது. அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷின் ஓடினால் அது கேட்பதில்லை. ராத்திரி வீடு அடங்கினால் கேட்கிறது. சிபேப்பின் ஊதல் சத்தம் அதன் மேல் படுத்துக்கொள்வதால் முன்னைவிடச் சீக்கிரம் தூங்கிவிடுகிறேன். இதை எந்த டாக்டரும் சொல்லவில்லை, என் சொந்தக் கண்டுபிடிப்பு.

காலையில் கன்னத்தில் பட்டைத் தடம் ஒன்பது மணி வரை இருக்கிறது. பக்கத்து மேசைப் பையன் இரண்டு வாரம் பார்த்துவிட்டு, “யாராவது அடிக்கிறாங்களா அக்கா” என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டான். விவரம் சொன்னேன். அவன் அப்பாவும் குறட்டையாம்.

ஒரு கேள்வி பாக்கி. வெயில் காலம் வந்தாயிற்று, எங்கள் தெருவில் ராத்திரி கரண்ட் போக ஆரம்பித்துவிட்டது. மெஷின் நின்றால் மாஸ்க்கோடு திடுக்கென்று விழிக்கிறேன். திண்டுக்கல் தம்பி (60 என்றாலும் என்னை அக்கா என்றதால் தம்பிதான்), நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

*

கேட்பொலி, திருச்சி
மார்ச் 9, இரவு 7:55

மைனஸ் 170ஐப் பார்த்துச் சந்தோஷப்பட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். 10 டெசிபெல்லுக்குக் குதிக்காததும் சரி, மெனியரில் அந்த அளவு வாரத்துக்கு வாரம் ஆடும். மூன்று மாதம் கழித்து இன்னொன்று எடுங்கள், முடிந்தால் அதே அறையில். நோட்டை விடாதீர்கள். சுற்றல் இல்லாத நாளையும் எழுதுங்கள், எல்லோரும் அதைத்தான் விட்டுவிடுவார்கள்.

*

பூட்டு ஊர்க்காரன்
மார்ச் 9, இரவு 9:20

தம்பி என்றே வைத்துக்கொள்ளுங்கள், வயது குறைந்தால் யாருக்கு வலிக்கிறது.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் மெஷின் பிளக்கை அந்த லைனுக்கு மாற்றிவிடுங்கள். கரண்ட்டை இழுப்பது மோட்டார் இல்லை, தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருக்கிற ஹீட்டர்தான். கரண்ட் போகும் என்று தெரிந்த ராத்திரியில் ஹீட்டரை மட்டும் அணைத்துவிட்டு, தொட்டியில் தண்ணீரை அப்படியே விட்டுவிடுவேன். மதுரை வெயிலுக்குச் சூடு தனியாக வேண்டுமா என்ன? என் பழைய இன்வெர்ட்டரே விடிய விடியத் தாங்குகிறது. ஃபேனையும் அதிலேயே ஓட்டினால் வீட்டுக்காரியோடு பேச்சுவார்த்தை நடத்த வேண்டியிருக்கும், எங்கள் வீட்டில் அது இன்னும் முடியவில்லை.